தூதன் எழுப்பினார், சரி. திரும்பிப் போகச் சொன்னாரா?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தோம். போன மழையில் ஒருநாள் நடுச்சாமத்தில், முன்பின் தெரியாத ஒருவர் டோர்ச் லைட்டோடு வந்து கதவைத் தட்டி, "மண்ணு இறங்குது, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க" என்றார். போய்விட்டோம். விடிவதற்குள் லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் (அறை வீடுகள்) மண்ணுக்குள் போய்விட்டன. கடைசிக் காம்பரா அக்காவின் மகன் இறந்துவிட்டான். வந்தவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பாஸ்டர், அது தேவதூதன்தான், கன்வென்ஷனில் சாட்சி சொல்லுங்கள் என்கிறார். மாமியார், முனியாண்டி சாமிதான் வந்தது என்கிறார். அந்த அக்கா என்னிடம், "ஒங்க வீட்டுக்கு வந்த தூதன் என் வீட்டுக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டார். இப்போது என் கணவர், தூதன் காத்த இடத்தில் இனி ஒன்றும் ஆகாது, லயத்துக்கே திரும்புவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சுவரில் வெடிப்பு இருக்கிறது. நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், அடுத்த மழை காத்திருக்காது. லயத்துக்குத் திரும்பாதீர்கள். மண்சரிவு அபாயத்தைக் கணிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அதிகாரிகள் வந்து பார்த்து, இருக்கலாம் என்று எழுத்தில் தரும்வரை அந்தச் சுவர் ஓரத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

உங்கள் கணவர் 91ஆம் சங்கீதத்தை வைத்துத்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்." நல்ல வசனம். ஆனால் இதே வசனத்தை வேதத்தில் இன்னொருவனும் எடுத்துச் சொல்கிறான், பிசாசு. மத்தேயு 4ஆம் அதிகாரத்தை இரவு இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். வசனம் பொய் என்று இயேசு சொல்லவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்றார், குதிக்கவும் இல்லை. கொஞ்சம் தள்ளி 11ஆம் வசனத்தில் தூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்கிறார்கள். குதிக்க மறுத்தவருக்குத்தான் அவர்கள் வந்தார்கள் என்பதை உங்கள் கணவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் யோசேப்பின் கதை இருக்கிறது. கர்த்தருடைய தூதன் கனவில் வந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ என்கிறான். யோசேப்பு விடியும்வரைகூட இருக்கவில்லை, இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார். ஏரோது செத்த பிறகு திரும்பு என்று மறுபடி கனவு வருகிறது, வருகிறார். ஆனால் யூதேயாவில் ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டதும், அங்கே போகப் பயந்தார் என்று மத்தேயு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். தூதனைக் கண்ட மனுஷன்தான், ஆனாலும் நிலவரம் விசாரித்தார், பயந்தார். அந்தப் பயத்தை யாரும் அவிசுவாசம் என்று திட்டவில்லை. மறுபடி கனவில் எச்சரிக்கை வந்தது, கலிலேயாப் பக்கம் போய் நாசரேத்தில் குடியிருந்தார்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் தூதன் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது ஒரே விஷயம்: போங்கள் என்று. திரும்பி வாருங்கள் என்று யார் சொன்னது?

ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். உங்கள் கணவரின் பிடிவாதத்தில் விசுவாசம் பாதி, போக்கிடம் இல்லாத கோபம் பாதி என்று எனக்குப் படுகிறது. பள்ளிக்கூட மண்டபத்தில் எத்தனை நாள் படுப்பது? உறவுக்காரர் வீட்டில் எத்தனை நாள் முகம் கொடுப்பது? லயத்தை விட்டால் அந்தக் காம்பராவும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தனவே, அது ஆபத்தான இடம் என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆகவே கணவரிடம் வசனத்தோடு நிறுத்தாமல், கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் மாற்றுக் காணிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிப் போங்கள், சந்தா பிடிக்கிறார்கள்தானே. மாட்டைப் பார்க்க, தோட்டத்தைக் கொத்தப் போகவேண்டும் என்றால் மழை இல்லாத பகலில் போய் வரட்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் அவதானம், 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேறு என்பது அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் கணக்கு. ஊற்று திடீரென்று கலங்கலாக வந்தாலோ, நின்ற மரம் சாய ஆரம்பித்தாலோ மில்லிமீட்டர் பார்க்க வேண்டாம், ஓடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சரி, வந்தவர் தூதனா? இருக்கலாம். கிறிஸ்தவ நம்பிக்கையில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. தூதர்கள் பணிவிடை செய்கிற ஆவிகள் என்கிறது எபிரெயர் நிருபம். ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்களுக்கு இறக்கை இருந்ததாக ஆதியாகமம் சொல்லவில்லை, வழிப்போக்கர் மாதிரி மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கத்தோலிக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் தூதர் உண்டு என்று நம்பி ஒக்டோபர் 2ஆம் திகதி அவர்களுக்குத் திருநாள் கொண்டாடுகிறார்கள். சீர்திருத்த சபைகளின் முன்னோடி கல்வின் ஆளுக்கொரு தூதர் என்பதை உறுதியாகச் சொல்லத் தயங்கினார், தூதர்கள் காக்கிறார்கள் என்பதை அவரும் மறுக்கவில்லை. அதே நேரம், அடுத்த டிவிஷனில் இருந்து மழையில் நனைந்து வந்த ஒரு மனுஷனாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கர்த்தர் செய்தது குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ்டர் அடித்துச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, அவரும் அந்த இரவு அங்கே இல்லை. மாமியாரோடு முனியாண்டி விஷயத்தில் மல்லுக்கு நிற்காதீர்கள். பேரப்பிள்ளைகள் பிழைத்த சந்தோஷத்தை அவர் தனக்குத் தெரிந்த காவல்காரரின் பேரில் சொல்கிறார், விட்டுவிடுங்கள்.

இனி அந்த அக்கா. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் பாஸ்டரிடமும் இருக்காது. ஜெபம் போதவில்லை, விசுவாசம் இல்லை, கர்த்தருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று என்று யாராவது அவரிடம் சொல்ல வந்தால் வாசலிலேயே தடுத்து நிறுத்துங்கள். யோசேப்பை எழுப்பிய அதே அதிகாரத்தில்தான் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை ஏரோது கொல்கிறான். அந்த வீடுகளில் எந்தத் தூதனும் கனவில் வந்ததாக மத்தேயு எழுதவில்லை. ஏன் வரவில்லை என்று விளக்கம் சொல்லவும் அவர் முயலவில்லை. ராகேல் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியாவின் பழைய வரியை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். தப்பிய குழந்தையின் கதையைச் சொல்ல வந்தவர், தப்பாத பிள்ளைகளை மறைக்கவில்லை. சபையில் சாட்சி சொல்கிற எல்லோரும் இந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு மைக்கைப் பிடித்தால் நல்லது.

அதனால் கன்வென்ஷன் வேண்டாம், இப்போது வேண்டாம். அந்த அக்கா வருவாரோ இல்லையோ, ஒலிபெருக்கிச் சத்தம் அவர் இருக்கும் இடம்வரை கேட்கும். நன்றி சொல்ல ஆசை இருந்தால் வீட்டு ஜெபத்தில் சொல்லுங்கள். பாஸ்டர் வற்புறுத்தினால், "அந்த அக்காவை முதலில் போய்ப் பாருங்க ஐயா, அப்புறம் பேசுவோம்" என்று மரியாதையாகவே சொல்லலாம்.

நீங்களும் அவரிடம் போங்கள். தூதனைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். மகனின் மரணச் சான்றிதழ், நட்டஈட்டுப் படிவம் என்று அவருக்கு இன்னும் பல அலைச்சல் இருக்கும், பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் உங்கள் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் போய் வாருங்கள்.