இடது சீட்டா, பெரிய விமானமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார் ராணிப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானி

கேள்வி: கேப்டன் சாருக்கு வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம், குடியிருப்பது காட்பாடி. வயது 34. உள்நாட்டு பிராந்திய விமான நிறுவனம் ஒன்றில் ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த சிறிய பயணிகள் விமானத்தை ஓட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது சீட்டுத் துணை விமானி. 3,200 மணி நேரம் பறந்திருக்கிறேன், கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் கையில் இருக்கிறது. அடுத்த பேட்சில் கமாண்ட் அப்கிரேட், அதாவது இடது சீட்டில் கேப்டன் பதவி, தருவதாகக் கம்பெனி சொல்கிறது. அதே சமயம் வெளிநாட்டுச் சரக்கு நிறுவனம் ஒன்று போயிங் 747 பெரிய ஜெட்டில் ஃபர்ஸ்ட் ஆபீசராகக் கூப்பிடுகிறது. இருபது நாள் வேலை, பத்து நாள் வீடு. சம்பளமும் அங்கேதான் அதிகம். மனைவி வேலூரில் நர்ஸ், மகள் யுகேஜி. "விசிறி வெச்ச விமானத்தையே எத்தனை நாளைக்கு ஓட்டுவ?" என்கிறார் அப்பா. எதை எடுக்கட்டும்?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: தம்பி, கமாண்டை எடுங்கள். காரணம் அப்புறம், முதலில் அப்பாவைக் கவனித்துவிடுவோம். அந்த விசிறியைச் சுற்றுவதும் டர்பைன்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். எடையில் வேண்டுமானால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: ஏடிஆர் முழுச் சுமையோடு 23 டன், 747-8 சரக்கு விமானம் சுமார் 447 டன். 136 டன்னும் அதற்கு மேலும் உள்ள விமானம் என்றால் ரேடியோவில் அழைப்புப் பெயரோடு 'ஹெவி' என்று சேர்த்துச் சொல்வோம். முதல் தடவை சொல்லும்போது மீசை தானாக முறுக்கிக்கொள்ளும், பொய் சொல்லமாட்டேன். சீக்கிரமே பழகிவிடும்.

பழகாதது ராத்திரி. ஏடிஆர் மாதிரி டர்பைன் விசிறியைச் சுற்றும் டர்போப்ராப் விமானத்தில் கேப்டனாக இருந்துவிட்டுத்தான் நான் 747 சரக்கு விமானத்துக்குப் போனேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் இருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள்: கப்பலில் போக வேண்டிய ஆர்டர் தாமதமாகிவிட்டால், லாபம் போனாலும் பரவாயில்லை என்று விமானத்தில் அனுப்புவார்கள். அந்த மாதிரி அவசரச் சரக்குதான் எங்கள் பிழைப்பு. சாயங்காலம் பேக்கிங், நடுராத்திரி ஏற்றம். இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடம்பு படுக்கையைத் தேடும். அந்த நேரத்தில்தான் லேண்டிங் வரும். உங்கள் மனைவிக்கும் நைட் டியூட்டி இருக்குமே? நீங்கள் இல்லாத இருபது நாளில் அவருக்கு நைட் விழுந்தால் குழந்தை யாரிடம் தூங்கும்? குடியாத்தத்திலிருந்து அம்மா வந்து தங்குவார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்து நாள் லீவிலும் முதல் சில நாள் தூக்கத்திலேயே போய்விடும்.

சரி, தொழிலுக்கு வருவோம். தூத்துக்குடியில் இறங்கப் போகிறீர்கள். ரன்வே மேல் மழை, பக்கவாட்டில் அடிக்கும் க்ராஸ்விண்ட் லிமிட்டைத் தொடுகிறது. டேங்கில் இருப்பது கொஞ்ச நேரம் சுற்றவும், முடியாவிட்டால் மதுரை போகவும் தேவையான அளவு. வலது சீட்டில் இருக்கும்வரை "சார், மதுரை போயிடலாமா?" என்று கேட்டுவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். இடது சீட்டுக்குப் போய்விட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பின்னால் எழுபது பேர், அடுத்த செக்டர் (அடுத்த ஊர்ப் பயணம்) லேட், டியூட்டி நேரம் வேறு முடியப்போகிறது. பிராந்திய விமானத்தில் மழைக்காலத்து நாளொன்றில் இந்தக் கேள்வி நாலு தடவைகூட வரும்.

747-இல் நீண்ட செக்டருக்கு மூன்று நாலு பைலட் ஏறுவோம். ஒருவர் இறக்குவார், ஒருவர் விமானத்திலேயே உள்ள பங்க் படுக்கையில் படுத்திருப்பார். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதியை நிரப்பவே சிமுலேட்டருக்குப் போகும் ஜூனியர்கள் உண்டு. ஏடிஆரில் அதை ஒரே நாளில் முடித்துவிடலாம். நாளை நீங்கள் எங்கே போய் கேப்டன் வேலை கேட்டாலும் லாக்புக்கில் அவர்கள் முதலில் தேடுவது பி-1, அதாவது கேப்டனாகப் பறந்த மணிக்கணக்கு. வலது சீட்டில் எத்தனை ஆயிரம் மணி சேர்ந்தாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டர்போப்ராப் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டு "ஜெட் அனுபவம் இல்லையே" என்று திருப்பி அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. பிராந்திய நிறுவனங்களின் ஆயுசும் நமக்குத் தெரிந்ததுதான்: பாரமவுண்ட், ஏர் கோஸ்டா, ட்ரூஜெட் எல்லாம் கண்ணெதிரே நின்றுபோனவை. சரக்கு மட்டும் நிரந்தரமா என்றால், அதுவும் இல்லை. 2020-இல் பயணிகள் விமானங்கள் நின்றபோது அவற்றின் வயிற்றில் போகும் சரக்குக்கும் இடமில்லாமல் போய், சரக்கு விமானங்களுக்கு ஓய்வே இல்லை. பயணிகள் விமானங்கள் திரும்பப் பறந்ததும் சரக்குக் கட்டணம் இறங்கிவிட்டது.

கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். 2017-இல் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு நோட்டீஸ் காலம் ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். அப்கிரேட் ஆனால் வெளியே வரும் வழி நீளும். பயப்படாதீர்கள், மாதம் 70 மணி பறந்தால் அந்த ஒரு வருடத்திலேயே 800 மணிக்கு மேல் பி-1 சேரும். ஆனால் அப்கிரேடுக்குத் தனி பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) இருக்கிறதா, எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள்.

சரக்குக் கம்பெனிக்கு 'வேண்டாம்' என்று எழுதாதீர்கள். "ஒன்றரை வருடம் கழித்து வரலாமா?" என்று கேளுங்கள். கூடவே, கடைசியாக அங்கே கேப்டன் ஆனவர் வலது சீட்டில் எத்தனை வருடம் இருந்தார், வேலை நேரடியா ஏஜென்சி மூலமா, வீட்டுக்கு வரும் டிக்கெட் யார் செலவு என்றும் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

கேள்வி: சரக்கு விமானத்தில் பயணிகள் இல்லை. அப்படியென்றால் பைலட்டுக்கு டென்ஷன் குறைவுதானே?
- வாசகி, வாணியம்பாடி

பதில்: சாப்பாடு சரியில்லை என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அது உண்மைதான் அம்மா. ஆனால் சரக்கும் சும்மா இருக்காது. 2010-இல் துபாயில் 747 சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். ஏற்றிய சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. 2013-இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் இன்னொரு 747 சரக்கு விமானத்தில் கட்டியிருந்த ராணுவ வண்டி அவிழ்ந்து பின்னால் நகர்ந்து, விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மேல்தளச் சரக்கில் தீ என்றால் பல விமானங்களில் அணைக்கும் வசதி கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, உள் அழுத்தத்தை வெளியேற்றி, ஆக்சிஜன் மாஸ்க்கோடு பக்கத்து ரன்வேக்கு ஓட வேண்டியதுதான். அதனால்தான் நான் ஏறுமுன் டார்ச் அடித்து சரக்கு அடுக்கிய பேலட் தட்டுகளின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சரக்கேற்றத்தைப் பார்க்கும் லோட்மாஸ்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கேள்வி: வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் ஏடிஆர் இறங்குமா?
- பிளஸ் டூ மாணவர், சத்துவாச்சாரி

பதில்: இறங்காது தம்பி. அங்கே ரன்வே 850 மீட்டர்தான். முழுச் சுமையோடு கிளம்ப ஏடிஆர் 72-க்கு சுமார் 1,300 மீட்டர் வேண்டும். அங்கே திட்டமிட்டிருப்பதே 19 சீட் விமானத்துக்குத்தான். ஏடிஆரைப் பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் மீனம்பாக்கம் போங்கள்.