வாசகர் கேள்வி – பதில்: முதுகுப்பையோடு இருவர், இத்தாலியின் பழைய ஊர்கள்

இத்தாலியின் வரலாற்றுப் புகழ்பெற்ற ஊர்களைக் கணவனும் மனைவியுமாகக் குறைந்த செலவில் சுற்றிவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நானும் என் கணவரும் முதுகுப்பையோடு சென்றுவந்த பயணங்களில் கற்றுக்கொண்டவையே இப்பதில்களுக்கு அடிப்படை.

கேள்வி: பதினைந்து நாட்களில் ரோம், நேபிள்ஸ், ஒர்வியேத்தோ, சியெனா, ஃப்ளாரன்ஸ், லூக்கா, பைசா, பொலோனியா, ராவென்னா, வெனிஸ் ஆகிய பத்து ஊர்களையும் பார்த்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம். கையில் உள்ள பணம் குறைவு. இது சரிவருமா?

பதில்: பத்து ஊர்களிலும் கால் வைத்துவிட்டு வரலாம். ஆனால் குறைந்த பணத்தில் போகிறவர்களுக்கு இதைவிடச் செலவு பிடிக்கும் திட்டம் வேறில்லை. ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியளவில் அறையைக் காலிசெய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை கிடைப்பது அரிது. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு பைகளையும் கட்டணம் கொடுத்து எங்காவது ஒப்படைக்க வேண்டும், அல்லது சுமந்துகொண்டே அலைய வேண்டும். களைத்துப்போய் நிலையத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். அங்கேதான் விலையும் அதிகமாக இருக்கும்.

ஊர்களைக் குறைத்து, ஒவ்வோர் ஊரிலும் இரவுகளைக் கூட்டுங்கள். ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே ஒர்வியேத்தோ, தொஸ்கானா (டஸ்கனி) வட்டாரத்தில் லூக்கா, வடக்கே பொலோனியா என்று மூன்றே ஊர்களில் நான்கைந்து இரவுகள் வீதம் தங்கினால், மற்ற ஊர்களுக்குக் கைப்பையோடு காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். லூக்காவிலிருந்து பைசா அரை மணி நேரப் பயணம். ஃப்ளாரன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பொலோனியாவிலிருந்து ஃபெராரா, மோதெனா, ராவென்னா மூன்றுமே ஒரு நாளில் போய்வரக்கூடியவை. தெற்கே தனித்திருக்கும் நேபிள்ஸை இந்த முறை விட்டுவிடுங்கள். அந்த நகரத்துக்கென்றே ஒரு பயணம் வேண்டும்.

சிக்கனத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுலாக் குழுக்கள் மாலைக்குள் கிளம்பிவிடுகின்றன. அதன்பிறகு உள்ளூர்க்காரர்கள் வீதிக்கு வந்து மெதுவாக நடக்கத் தொடங்குவார்கள். ‘பஸ்ஸெஜ்ஜாத்தா’ எனப்படும் அந்த மாலை உலாவில் கலந்துகொள்ள ஒரு காசும் வேண்டாம். இரவு அந்த ஊரிலேயே தங்குகிறவர்களுக்குத்தான் அது வாய்க்கும்.

கேள்வி: அதிவேக ரயிலில் முன்பதிவு செய்வதா, சாதாரண ரயிலில் போவதா?

பதில்: அதிவேக ரயில்களின் கட்டணம் நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டியே வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் வாங்கினால் பல மடங்கு. ‘ரெஜியோனாலே’ எனப்படும் வட்டார ரயில்களில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது மட்டுமே; ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலைதான். ஆகையால் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு எங்கே போவதென்று முடிவுசெய்யும் சுதந்திரம் அவற்றில்தான் கிடைக்கும். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. வட்டார ரயிலுக்கு அதைவிட இரு மடங்குக்கும் மேல் ஆகும். ஆனால் அந்த மெதுவான ரயில் ஒர்வியேத்தோ, கொர்த்தோனாவுக்கு அருகிலுள்ள தெரொந்தொலா, அரெஸ்ஸோ என்று நீங்கள் பார்க்க விரும்பும் ஊர்களில் எல்லாம் நின்று செல்வதால், ஒரே நாளில் கடப்பதற்குப் பதில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சில நாட்களில் கடக்கலாம்.

ஒரு விதியை மறக்கவே கூடாது. வட்டார ரயிலுக்கான காகிதப் பயணச்சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வாங்கிய சீட்டானால் புறப்படும் முன் அதில் செக்-இன் செய்ய வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் சீட்டு கையிலிருந்தும் முத்திரை இல்லாததால் இருவரும் அபராதம் கட்டினோம். அன்று இரவு உணவுக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அதிலேயே போயிற்று.

கேள்வி: தங்குவதற்கு ஹாஸ்டலே மலிவு என்கிறார்கள். தம்பதியருக்கு அது ஒத்துவருமா?

பதில்: தனியாகப் போகிறவருக்கு ஹாஸ்டல் மலிவுதான். இருவர் போகும்போது, பொது அறையில் இரண்டு கட்டில்களுக்கான வாடகையைக் கூட்டிப் பார்த்தால், வீட்டோடு ஒட்டிய சிறிய விடுதியில் ஒரு தனி அறைக்கு ஆகும் தொகை பல ஊர்களில் வந்துவிடும். கூட்டிப் பார்க்காமல் ஹாஸ்டலைப் பதிவுசெய்யாதீர்கள். குளியலறை பொதுவாக உள்ள அறைகளைத் தேடினால் இன்னும் குறையும். பதிவு செய்யும்போது ‘மாத்ரிமோனியாலே’ என்றால் இருவருக்கான ஒரே பெரிய கட்டில், ‘தோப்பியா’ என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில்கள் என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

துறவியர் சபைகள் நடத்தும் விருந்தகங்களையும் தயங்காமல் விசாரியுங்கள். அசிசி போன்ற யாத்திரைத் தலங்களில் இவை நிறைய உண்டு. அறைகள் எளிமையானவை; ஆனால் துப்புரவும் அமைதியும் நான் வேறெங்கும் காணாதவை. பல இடங்களில் இரவு பத்தரை, பதினொரு மணிக்கு வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள் என்பதால் அந்த நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறை வாடகைக்கு மேல் நகராட்சி வரி ஒன்றும் உண்டு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஊர் மாறும் இத்தொகையைப் பெரும்பாலும் விடுதியிலேயே கேட்பார்கள். கடவுச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்வார்கள். அது அந்நாட்டுச் சட்டம், அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் இருவரும் சைவ உணவு உண்பவர்கள். பட்ஜெட்டும் சிறியது. பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. தொஸ்கானாவின் ஏழை விவசாயக் குடும்பங்களின் சமையலே பழைய ரொட்டி, பயறு, காய்கறி ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்ததுதான். ரொட்டியும் கீரையும் வெள்ளைப் பயறும் சேர்த்துக் காய்ச்சும் ‘ரிபொல்லித்தா’, தக்காளியில் ரொட்டியைக் கரைத்துச் செய்யும் ‘பாப்பா அல் பொமொதோரோ’, பூண்டுத் தக்காளிச் சாறோடு வரும் தடித்த பாஸ்தாவான ‘பிச்சி அல்லாலியோனே’ ஆகிய மூன்றும் வயிற்றை நிறைப்பவை. லூக்கா, பைசா பக்கம் கொண்டைக்கடலை மாவில் சுட்ட ‘செச்சினா’ என்ற மெல்லிய அடையைத் துண்டு போட்டுச் சூடாகத் தருவார்கள். ‘மரினாரா’ பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டுமே, பாலாடைக்கட்டிகூட இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, ‘ப்ரோதோ’ என்னும் சாறு. காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம். ‘சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ தி கார்னே’ என்று சொல்லுங்கள். இறைச்சியும் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று பொருள். கண்டிப்பான சைவமானால் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைத் தவிர்க்க வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் அதை உறைய வைக்கிறார்கள்.

காப்பியை நின்றுகொண்டே குடிப்பது இத்தாலியர் வழக்கம். பெரும்பாலான ஊர்களில் ஒன்று முதல் ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே காப்பிக்கு மேசையில் உட்கார்ந்தால், குறிப்பாகப் பெரிய சதுக்கங்களில், விலை எங்கோ போய்விடும். உணவகத்தில் ரசீதின் கடைசியில் காணும் ‘கொப்பெர்த்தோ’ ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. குடிநீரை விலைகொடுத்து வாங்காதீர்கள். தெருக்குழாய்களில் நல்ல நீர் ஓடுகிறது. ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

கேள்வி: ஒரே ஒரு சிற்றூரில்தான் தங்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: ஒர்வியேத்தோவை. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையின் மேல், நாற்புறமும் செங்குத்தாக இறங்கும் விளிம்போடு நிற்கிற ஊர் அது. ரயில் நிலையம் கீழே இருக்கிறது; எதிரிலேயே கம்பியிழுவை ரயில் ஏறினால் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும். 1290-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் முகப்பில் பிற்பகல் வெயில் விழும்போது எதிரே கல்திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே போதும். உள்ளே சான் பிரிசியோ சிற்றாலயத்தில் லூக்கா சின்யொரெல்லி தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்களை மட்டும் தவறவிடாதீர்கள். கட்டணம் உண்டு, ஆனால் அது வீணாகாத பணம்.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது ஒரு கிணறு. 1527-இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது அங்கிருந்து தப்பிவந்த ஏழாம் கிளெமென்ட் போப், இங்கே முற்றுகைக்கு ஆளானால் தண்ணீர் இல்லாமல் போய்விடுமே என்று அஞ்சித் தோண்டச் செய்த புனித பத்ரிஸியோ கிணறு அது. அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். ஆழம் ஐம்பது மீட்டருக்கும் மேல். கிணற்றைச் சுற்றி இரண்டு சுருள் படிவழிகள், ஒன்றையொன்று எங்குமே சந்திக்காமல் கீழே இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வழியில் இறங்கி, மறு வழியில் ஏறிவிடும். எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. படிகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பது அவற்றின் கால்களுக்காகத்தான்.

நான் அடியில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கணவர் முன்னால் ஏறத் தொடங்கிவிட்டார். சிறிது நேரத்தில், எனக்கு எதிர்ப்புறச் சுவரின் சாளரமொன்றில் அவர் முகம் தெரிந்தது. கையை ஆட்டினார், மறைந்தார், ஒரு சுற்றுக்குப் பிறகு அதற்கும் மேலுள்ள சாளரத்தில் மீண்டும் தெரிந்தார். பாசி படிந்த அந்தச் சுவரும் மேலே நாணயம் போலத் தெரிந்த வானமும் சாளரம் சாளரமாக உயர்ந்துகொண்டே போன அவர் முகமும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

கேள்வி: அருங்காட்சியகக் கட்டணங்களே பயணச் செலவில் பாதியாகிவிடும் போலிருக்கிறதே?

பதில்: மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். அன்று ஃப்ளாரன்ஸின் உஃபீட்ஸியில் வரிசை நீளும் என்பதால், அந்த ஞாயிறைப் பெருஜியா, ஃபெராரா போன்ற ஊர்களின் தேசிய ஓவியக்கூடங்களுக்கு ஒதுக்குவது மேல். அசிசியில் புனித ஃபிரான்சிஸ் பேராலயம், ராவென்னாவில் கவிஞர் தாந்தேயின் கல்லறை ஆகியவற்றுக்குக் கட்டணமே இல்லை. ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நண்பகலில் பலவற்றை மூடிவிடுவார்கள். சில்லறை நாணயங்கள் கைவசம் இருக்கட்டும். பல ஆலயங்களில் சுவரோவியம் இருட்டில் கிடக்கும். பக்கத்துப் பெட்டியில் நாணயம் போட்டால் ஓரிரு நிமிடம் விளக்கு எரியும்.

கட்டணம் கொடுத்தே பார்க்க வேண்டியது ராவென்னாவின் மொசைக் ஓவியங்கள். அங்கே ரோமப் பேரரசி கால்லா பிளாச்சிதியாவின் பெயரிலுள்ள நினைவிடத்துக்குள் நுழைந்ததும் எதுவும் தெரியாது. மெல்லிய அலபாஸ்டர் கல் பதித்த சாளரங்களின் மஞ்சள் ஒளிக்குக் கண் பழகப் பழக, தலைக்கு மேல் கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

கேள்வி: என் மனைவிக்கு ஓவியங்கள், எனக்கு நடைப்பயணம். இருவருக்கும் பொதுவாகத் திட்டமிடுவது எப்படி?

பதில்: எல்லாவற்றையும் பொதுவாகத் திட்டமிட வேண்டியதில்லை. நான்கு நாட்கள் ஒரே ஊரில் தங்கினால் ஒரு முற்பகலைத் தனித்தனியே கழிக்க முடியும். மதியம் எந்தச் சதுக்கத்தில் சந்திப்பது என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். லூக்காவில் ஊரைச் சுற்றிய நான்கு கிலோமீட்டர்க் கோட்டைமதிலின் மேலேயே மரநிழலில் நடக்கலாம். அதைவிடப் பெரிய நடை வேண்டுமானால், இடைக்கால யாத்ரிகர்கள் இங்கிலாந்தின் கான்டர்பரியிலிருந்து ரோமுக்கு நடந்த ‘வியா ஃப்ராஞ்சிஜெனா’ பாதையில் மொந்தெரிஜோனியிலிருந்து சியெனா வரை செல்லுங்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பதினான்கு கோபுரங்களோடு மொந்தெரிஜோனியின் மதில் முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போவதை உங்கள் மனைவியும் விரும்புவார். நடையின் முடிவில் சியெனாவின் காம்போ சதுக்கத்துச் செங்கல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம்.

கேள்வி: ஆகஸ்டில் போகலாமா?

பதில்: வேண்டாம். வெயில் கடுமை, 15-ஆம் தேதியை ஒட்டிப் பல சிறு கடைகளும் உணவகங்களும் விடுமுறைக்காக மூடப்படும், 16-ஆம் தேதி சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம் என்பதால் அங்கே அறை வாடகை ஏறிவிடும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் பிற்பகுதி நல்லது.

கேள்வி: ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும் என்று கேள்விப்பட்டோம். விமானத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது?

பதில்: வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை நிலைய அறிவிப்புகளில் கவனியுங்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வேலைநிறுத்தம் செய்வார்கள். வார நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையிலும், மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். அவற்றின் பட்டியலும் நிலையத்தில் கிடைக்கும். எதற்கும், விமானம் ஏறும் நகரத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்து கடைசி இரவை அங்கே கழித்துவிடுங்கள்.