வீடியோ கேம்களைத் திரைப்படமாக்கும்போது ரசிகர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறார்கள்?

விளையாடுபவர் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதே முதன்மையான காரணம். நாவலின் நாயகனை நாம் பின்தொடர்கிறோம். விளையாட்டின் நாயகனையோ நம் விரல்களால் நடத்திச் சென்று, விழுந்து, மீண்டும் தொடங்கி, பல மணி நேரம் அவனாகவே வாழ்கிறோம். திரையில் அந்தக் கட்டுப்பாடு நம்மிடம் இல்லாதபோது எஞ்சுவது அவனுடைய தோற்றமும் உலகமும்தான். அவையும் மாற்றப்பட்டால் ரசிகருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

மாரியோ என்ற வீடியோ கேமைத் தழுவி 1993இல் வெளியான படம், அந்த விளையாட்டின் வண்ணமயமான உலகத்தை இருண்ட நகரமாக மாற்றி, வசூலிலும் தோற்றது. மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்த 2023ஆம் ஆண்டின் அனிமேஷன் படமோ உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

ஆனால் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடும் விளையாட்டைத் தழுவிய படத்தின் அனுபவம். 2019 ஏப்ரல் இறுதியில் வெளியான முன்னோட்டத்தில், மனிதப் பற்களும் சிறிய கண்களுமாக வந்த சோனிக்கை ரசிகர்கள் ஏற்க மறுத்தனர். இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் சில நாட்களிலேயே உருவத்தை மாற்றுவதாக உறுதியளித்தார். நவம்பரில் வரவிருந்த படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படம் வெற்றி பெற்று, அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. அந்த ரசிகர்கள் கதையை மாற்றச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவயதிலிருந்து தாங்கள் ஓடவைத்த அந்த நீல முள்ளெலியின் முகத்தைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.