குறுஞ்செய்தியும் ஆவணம்தானா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நாள்களை ஓர் அரசு அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளர் வாட்ஸ்அப் வழியாகவே தெரிவித்து வந்தார். திடீரென முறை மாறியபோது காரணம் கேட்டோம். முறையை மாற்றும்படி தம் மேலதிகாரி அலைபேசியில் செய்தி அனுப்பியிருப்பதாகப் பொறியாளர் சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தச் செய்தியின் நகலைக் கேட்டேன். ‘அலைபேசிச் செய்திகள் அலுவலக ஆவணங்கள் அல்ல’ என்று ஒற்றை வரியில் பதில் வந்துள்ளது. இது சரிதானா?
– வாசகி ஒருவர், மயூர் விஹார், தில்லி

பதில்: சரியன்று. 2005ஆம் ஆண்டின் அச்சட்டம், மின்னஞ்சல்களையும் மின்னணு வடிவில் உள்ள தரவுகளையும் 2(எஃப்) பிரிவில் ‘தகவல்’ என்று சேர்த்திருப்பதோடு, கணினியோ ‘வேறு எந்தக் கருவியோ’ உருவாக்கியவற்றை 2(ஐ) பிரிவில் ஆவணமாகவும் கொள்கிறது. மத்திய அரசுக்கும் ஒன்றியப் பகுதி நிர்வாகங்களுக்கும் பொருந்தும் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் கையாள்கிறது. அலைபேசி மட்டும் கருவியாகாமல் போனது எப்படி என்பதை அந்த அலுவலர்தான் விளக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. அலுவலகத்தின் வசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலைத்தான் நாம் கேட்க முடியும் என்பதால், ‘அது அதிகாரியின் சொந்த அலைபேசி’ என்று அடுத்த பதில் வரக்கூடும். அலுவல் நிமித்தம் அனுப்பிய செய்தி அலுவலகத்துக்கே உரியது, அலைபேசிக் கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்பது பொருட்டல்ல என்பது என் கருத்து. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் சான் ஹோசே நகர வழக்கில் 2017இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. அது நம் அலுவலர்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதன் தர்க்கத்தை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டலாம்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதுவே உறுதியானதாகத் தோன்றுகிறது. மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால் உடனடியாக எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். ஆகவே அலைபேசியைக் குறிப்பிடாமல், தண்ணீர் முறையை மாற்றிய ஆணை, அதன் தேதி, கோப்பில் அது பதிவான குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் புதிய மனு ஒன்று கொடுங்கள். செய்தியே எழுத்து ஆணை என்றால் அது ஆவணமாகிவிடும். இல்லை என்றால் எழுத்தில் உறுதிசெய்த ஆணை எங்கே என்ற கேள்வி எழும். அலுவலகத்துக்கு இருதலைக்கொள்ளிதான்.

பழைய மனுவையும் கைவிட வேண்டாம். பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அவர் முடிவிலும் நிறைவில்லை என்றால் 90 நாள்களுக்குள் மத்திய தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். இருக்கும் தகவலைத்தான் தர முடியும், இல்லாததை உருவாக்கித் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியிருப்பதால், பொறியாளர் உங்கள் குழுவுக்கு அனுப்பிய செய்திகளை, அவை அழிக்கப்படும் முன்பே, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவுடன் இணைத்துவிடுங்கள்.