புரொபேஷன் கடிதம் வந்தால் விசா போய்விடுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். முதல் செமஸ்டரில் இரண்டு பி, ஒரு சி. ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) 2.67 என்று சொல்லி ‘அகடமிக் புரொபேஷன்’ கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். “விசா ரத்தாகிவிடும், பணம் கட்டினால் உடனே வேறு கல்லூரிக்கு மாற்றித் தருகிறேன்” என்கிறார் ஒரு ஏஜென்ட். மகனோ, ஒரு பாடத்தை விட்டுவிட்டால் சமாளித்துவிடலாம் என்கிறான். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புரொபேஷனில் இருப்பதால் மட்டும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரின் அந்தஸ்து போகாது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, கல்லூரி இடைநீக்கம் செய்தாலோ வெளியேற்றினாலோதான் அந்த ஆபத்து. இப்போது வந்திருப்பது அதற்கு முந்தைய எச்சரிக்கை. கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் ஜிபிஏவை ஏற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்ற முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ என்றால் 4, பி 3, சி 2. பாடத்துக்கு மூன்று கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) என்று வைத்தால் உங்கள் மகனிடம் இருப்பது 9+9+6, ஆக 24 புள்ளி. அதை 9 கிரெடிட்டால் வகுத்ததில் வந்ததுதான் அந்த 2.67. முதுகலைக்குப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது 3.0. அடுத்த செமஸ்டரோடு 18 கிரெடிட் ஆகும்போது 54 புள்ளி இருக்க வேண்டும். குறைவது 30. ஒரு ஏ, இரண்டு பி வாங்கினால் 12+9+9, சரியாக முப்பது. ஏ மைனஸை 3.7, பி பிளஸை 3.3 என்று கணக்கிடும் கல்லூரியானால் ஒரு ஏ மைனஸ், ஒரு பி பிளஸ், ஒரு பி வாங்கினாலும் போதும். உழைத்தால் எட்டக்கூடிய இலக்குதான். அவனே காகிதத்தில் இதைப் போட்டுப் பார்க்கட்டும், பாதி பயம் விலகிவிடும்.

அடுத்தது, பாடத்தை விடுவது. எனக்குக் கவலை இங்கேதான். புரொபேஷன் தானாக விசாவைத் தொடாது. அனுமதி இல்லாமல் பாடத்தை விட்டால் அது விசாவைத் தொடும். எஃப்-1 மாணவர் முழு பாடச்சுமையோடு படித்தாக வேண்டும். பல கல்லூரிகளில் முதுகலைக்கு அது 9 கிரெடிட். படிப்புச் சிரமத்துக்காகக் குறைத்துப் படிக்க ஒரு விலக்கு உண்டு. ஆனால் படிப்பு கஷ்டம் என்று பொதுவாகச் சொன்னால் அது கிடைக்காது. ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தொடக்கச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்க்கப்பட்டது, இவற்றில் ஒன்று காரணமாக இருக்க வேண்டும். ஃபெயில் ஆகிவிடுவேனோ என்ற பயம் இந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி கிடைத்தாலும் குறைந்தது ஆறு கிரெடிட் படிக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழு சுமைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே முறைதான் இந்தச் சலுகை. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி முதலில் அனுமதித்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் பதிய வேண்டும். அதன்பிறகே பாடத்தை விட வேண்டும். பேராசிரியர் சரி என்றார், கல்லூரி இணையதளம் பட்டனை அழுத்த விட்டது என்பதெல்லாம் செல்லாது. அந்தப் பட்டன் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே பாடத்தை நீக்கிவிடக்கூடும். பட்டமேற்படிப்பு அலுவலகம் ஒன்று சொல்லும், சர்வதேச அலுவலகம் இன்னொன்று சொல்லும், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் நடுவில் நின்று இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம். எதுவானாலும் டிஎஸ்ஓவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி மாறுவதென்றால் புதிய கல்லூரி இடம் தர வேண்டும், பழைய டிஎஸ்ஓ செவிஸ் பதிவை அங்கே அனுப்ப வேண்டும். இதில் வெளியாளுக்கு வேலையே இல்லை. மதிப்பெண் பட்டியலைப் புதிய கல்லூரியும் பார்க்கும். எதையும் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். மிச்சிகனில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்’ என்று ஒன்று இருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. குடியேற்ற மோசடியைப் பிடிக்க அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே வைத்த பொறி அது. 2019 ஜனவரியில் விஷயம் வெளியானபோது ஆள் சேர்த்துவிட்ட எட்டுப் பேர் மீது வழக்குப் பாய்ந்தது. கூடவே மாணவர்களும் கைதானார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கமிஷன் வாங்கியவர்களை நம்பிப் போனவர்கள் படிப்பையும் இழந்தார்கள், அந்தஸ்தையும் இழந்தார்கள்.

காசுக்கு அசைன்மென்ட் எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களும் இதே ரகம்தான். குறைந்த ஜிபிஏவை உழைத்து ஏற்றிவிடலாம். ஆனால் காசு கொடுத்து எழுதி வாங்கியது நேர்மை மீறல் என்று பதிவானால் கல்லூரி வெளியேற்றவே செய்யலாம். புரொபேஷனில் இருப்பவனுக்கு அங்கே இரக்கம் எதிர்பார்க்க முடியாது.

நீங்களே கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாமா? எழுதலாம், பதில் வராது. 1974ஆம் ஆண்டின் ‘ஃபெர்பா’ சட்டப்படி மதிப்பெண் விவரம் மாணவருக்கே உரியது. அவர் எழுத்தில் சம்மதம் தராமல் பெற்றோரிடம் பேச மாட்டார்கள். கட்டணம் கட்டுவது நீங்கள்தான் என்றாலும் அப்படித்தான். ஆகவே பேச வேண்டியவன் உங்கள் மகன்.

இந்த வாரமே அவன் கடிதத்தை முழுதாகப் படித்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளட்டும்: கெடு ஒரு செமஸ்டரா இரண்டா, கெடுவுக்குள் ஒட்டுமொத்த ஜிபிஏ 3.0 ஆக வேண்டுமா அல்லது அந்தச் செமஸ்டர் ஜிபிஏ போதுமா, உதவித்தொகையோ அசிஸ்டன்ட்ஷிப்போ (கல்லூரியிலேயே செய்யும் சம்பள வேலை) இருந்தால் அது நிற்குமா. சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் நீங்குமா, இரண்டும் சேர்த்துக் கணக்காகுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; அதையும் கேட்கட்டும். பிறகு ஆலோசகரிடம் நேரம் வாங்கட்டும். இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி தருவார்கள், அதனால்தான் இன்றே கேட்கச் சொல்கிறேன்.