குதிரை மேய்க்க ஒரு பட்டமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். இங்கிலாந்துக்குப் போய்க் குதிரைப் பராமரிப்பும் குதிரைச் சிகிச்சையும் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். மூளை முடக்குவாதம் உள்ள அவள் தம்பி ஊட்டியில் ஒருமுறை குதிரைமேல் உட்கார்ந்து சிரித்தான். அன்று பிடித்த பிடிவாதம் இது. “குதிரை மேய்க்கவா கடல் தாண்டுகிறாள்?” என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். நீங்கள் அங்கே சில காலம் இருந்தவர். இது படிப்புதானா?

ஒரு தந்தை, கோவை

அன்புள்ள நண்பருக்கு,

படிப்புதான். கேலி செய்கிறவர்களுக்கு மார்கோ போலோவைப் படித்துக் காட்டுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியவர் அவர். இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்கிறார். காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. புல் தின்கிற பிராணிக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கமே வரவிடவில்லை என்றும் எழுதுகிறார். இருப்பவை செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விலைபோகும்! மாணிக்கவாசகருக்காக வந்த பரிகளாவது நரிகளாகி ஓடிப் பிழைத்தன.

உங்கள் கடிதத்தில் ‘குதிரைச் சிகிச்சை’ என்ற சொல்லில்தான் எனக்கு இடறியது. குதிரைக்குச் செய்யும் சிகிச்சையா, குதிரையைக் கொண்டு மனிதருக்குச் செய்யும் சிகிச்சையா? குளோஸ்டர்ஷயரில் உள்ள ஹார்ட்புரி போன்ற பல்கலைக்கழகங்களில் குதிரை சார்ந்த பட்டப்படிப்புகள் உண்டு. உடற்கூறு, தீவனம், நடத்தை, லாய நிர்வாகம் என்று குதிரையைத்தான் படிப்பார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனிதருக்குச் சிகிச்சை செய்ய முடியாது. குதிரையைக் கொண்டு மனிதருக்குச் செய்யும் ‘ஹிப்போதெரபி’ என்ற சிகிச்சையை நடத்துகிறவர் பிசியோதெரபிஸ்ட் போன்ற தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். மகளின் மனத்தில் இருப்பது தம்பி என்றால் முதலில் இங்கேயே பிசியோதெரபி படிக்கட்டும், குதிரை பிறகு வரட்டும். குதிரைதான் என்றால் விண்ணப்பம் போடுங்கள். இதை அவளிடம் கேட்டீர்களா?

இந்தச் சிகிச்சையில் மந்திரம் எதுவும் இல்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் ஏறக்குறைய மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைகிறது. தானாக நடக்க முடியாத பிள்ளையின் உடலுக்குக் குதிரை நடையைக் கடன் கொடுக்கிறது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் பிரிட்டனில் 1969இல் அமைந்தது.

நான் இருந்த ஊரில் அப்படி ஒரு லாயம் இருந்தது. ஒரு நாள் காலை, ஒரு சிறுவனைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கக் காத்திருந்தார்கள். கடிவாளம் பிடிக்க ஒருத்தி, இரு பக்கமும் தாங்க இருவர். கிழட்டு மட்டக்குதிரை நாலடி நடந்தது. பயிற்சியாளர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முன்னங்காலைத் தூக்கச் சொன்னார். ஒரு மாணவி குனிந்து, கொக்கியால் குளம்பிலிருந்த சேற்றை வழித்தாள். நகக்கண் அளவு கல் ஒன்று தெறித்து விழுந்தது. மறுபடி நடத்திப் பார்த்தார், அப்போதும் திருப்தியில்லை. அன்று அந்தக் குதிரைக்கு விடுப்பு, சிறுவனுக்கு வேறு குதிரை. நடை பிசகினால் சிகிச்சையும் பிசகும் அல்லவா? மாணவியின் முகம் செத்துவிட்டது. விடியற்காலையில் அந்தக் குளம்பைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் அவளை ஒரு மாதம் இங்கேயே ஏதாவது குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் வேலை செய்யவிடுங்கள். ஏறி உட்கார அல்ல. சாணம் அள்ள, தண்ணீர் சுமக்க, குளம்பு வழிக்க. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தீவனத்தில் தவறு நேர்ந்தால் வயிற்றுவலியில் புரளும், உயிரே போகலாம். இரவு இரண்டு மணிக்கு அதன் பக்கத்தில் நிற்க முடிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: அவளுக்கு ஆஸ்துமா உண்டா? வைக்கோல் தூசியும் குதிரை முடியும் பொல்லாதவை.