மொபைல் இணைய வேகமும் வீடியோவும்: இந்த வாரக் கேள்வி பதில்

வெள்ளவத்தை, தொடர்மாடி மூன்றாம் மாடி: அண்ணா, ஸ்பீட் டெஸ்ட்டில் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இரவில் யூடியூப் மட்டும் 480பி தரத்துக்கு இறங்கி வட்டம் சுற்றுகிறது. டெஸ்ட் பொய்யா?

பொய் இல்லை தங்கச்சி. டெஸ்ட் உங்களுக்குக் கிட்ட உள்ள சேர்வரைப் பிடித்து, பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து, சில விநாடிகள் முழு மூச்சில் இழுக்கும். வீடியோ அப்படி வராது. சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். முந்தைய துண்டுகள் எவ்வளவு சீக்கிரம் வந்தன என்று பார்த்துத்தான் பிளேயர் அடுத்ததன் தரத்தை முடிவு செய்யும். 40க்கும் 1க்கும் இடையில் ஆடுகிற லைனைவிட ஆடாத 6 எவ்வளவோ மேல். 1080க்கு யூடியூப் கேட்பதே 5 எம்பிபிஎஸ்தான், 4கே என்றால் 20.

இதைச் செய்து பாருங்கள். யூடியூப் செட்டிங்ஸில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்’ இருக்கும், அதைப் போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் அறையிலேயே ஒரு வீடியோவை ஓடவிட்டு ‘பஃபர் ஹெல்த்’ வரியைக் கவனியுங்கள், முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் வீடியோ எத்தனை விநாடிக்குப் போதும் என்று அது காட்டும். 20, 30 விநாடியில் நின்றால் பயமில்லை. 3, 2 என்று இறங்கினால் வட்டம் வரப்போகிறது. அப்படியே எழும்பி யன்னலடிக்குப் போய் மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் காலி வீதிப் பக்க யன்னலில் சிக்னல் -88 டிபிஎம், குசினியில் -112 (பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்ல சிக்னல்). இடையில் இரண்டு கொங்கிரீட் சுவர், அவ்வளவுதான். யன்னலிலும் இரவில் மட்டும் விழுந்தால் டவரில் ஆள் கூட்டம். இன்னொன்று, சில பக்கேஜ்களில் வீடியோவுக்கு மட்டும் வேகக் கட்டுப்பாடு உண்டு. விதிமுறையை வாசியுங்கள்.

வைஃபையை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் சிம்மின் வேகம் தெரியாது. இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

மருதானை: 40 எம்பிபிஎஸ் என்கிறது, டவுன்லோட் 5 எம்பிதான் வருகிறது.

சரியாகத்தான் வருகிறது. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு மெகாபிட், டவுன்லோட் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுங்கள்.

கொட்டாஞ்சேனை: கொழும்பு சேர்வரில் எடுக்கிற டெஸ்ட் கம்பனிக்காரர் காட்டுகிற படம். சிங்கப்பூர் சேர்வரில் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

பாதி சரி தம்பி. யூடியூப் போன்ற பெரிய சேவைகள் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதிகளை இணைய நிறுவனங்களின் நெட்வேர்க்குக்குள்ளேயே வைப்பதுண்டு. அப்படி வருகிற வீடியோவுக்குச் சிங்கப்பூர் எண் எதையும் சொல்லாது.

தெகிவளை: இரண்டும் வேண்டாம், ஃபாஸ்ட் டொட் கொம்தான் சரி.

அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அவர்களுடைய சேர்வரிலிருந்தே இழுக்கும். நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவருக்கு அதைவிட நல்ல டெஸ்ட் இல்லை. யூடியூப் வேறு வழியால் வருகிறது.

கொட்டாஞ்சேனை மீண்டும்: அப்போ என் கேம்? அதன் சேர்வர் சிங்கப்பூரில்தானே?

அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி, முதலில் ‘கேம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு வேகத்தைப் பார்க்காதீர்கள், பிங்கைப் பாருங்கள், அதாவது தகவல் சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரத்தை. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 27 மில்லிசெக்கன் வேண்டும். அதற்குக் கீழே எந்த சிம்மும் தராது.

பம்பலப்பிட்டி: புது போன், நல்ல லைன், நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கல்.

போனில் வைட்வைன் எல்1 உண்டா பாருங்கள். வைட்வைன் என்பது வீடியோவைக் களவாகப் பிரதி எடுக்காமல் காக்கும் பூட்டு, எல்1 அதன் உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்தது. எல்3 என்றால் லைன் எவ்வளவு நல்லதானாலும் எச்டி வராது. வாங்கமுன் பார்க்க வேண்டிய விஷயம் இது.

கொள்ளுப்பிட்டி: ஒரு நாளைக்கு இருபது தடவை டெஸ்ட் எடுக்கிறேன், ஒவ்வொன்றும் வேறு.

நிறுத்துங்கள். 40 எம்பிபிஎஸ் லைனில் பத்து விநாடி டவுன்லோடே 50 எம்பி தின்னும். இருபது தடவைக்கு 1 ஜிபி போய்விடும். காலை, மாலை, இரவு ஒவ்வொன்று போதும். வைஃபையை நிறுத்திவிட்டு.

தெமட்டகொட: எந்த சிம் நல்லது?

இன்று நான்காவது தடவை இந்தக் கேள்வி. உங்கள் அறைக்குள் எந்த டவர் எட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. வேறு சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரை இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டு, அவர் போனில் உங்கள் கட்டிலடியில் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். அவர் போனிலும் வைஃபையை நிறுத்திவிட்டு.